முதல் டப்பா

சொல்லாமல் இருந்துவிட்டால்தான் என்ன? மூக்குக்குத் தெரிந்தது மூக்கோடு போகட்டும், கை தன் வேலையைப் பார்க்கட்டும். புட்டியில் நாற்பத்தொன்று என்றுதானே ஒட்டியிருக்கிறது, ஆள் பெயரா ஒட்டியிருக்கிறது? என்னிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை, நானும் யாரையும் கேட்கவில்லை. ஒரு வாசனையை வைத்துக்கொண்டு ஊரைக் கூட்டுவார்களா?

இவ்வளவையும் நினைத்து முடிப்பதற்குள் அவள் கை அந்தப் பழுப்புநிறப் புட்டியை மூடிவிட்டது. எடை மேடையில் வெள்ளைத் தாள் விரித்து, கையுறை மாட்டி, துளி எடுக்கத் தயாராக நின்றவள், மூடியைத் திருகிய அந்த ஒரு நொடியில் பிடிபட்டுப்போனாள். மழையில் நனைந்த மரக்கட்டை. அதற்குப் பின்னால் லேசான இனிப்பு. அதற்கும் பின்னால், மூக்கின் நுனியில் மிளகு பட்டதுபோல ஒரு சுருக். மூன்று வாரம், தினமும் படுக்கப் போகுமுன் இரண்டு கைகளிலும் தேய்த்துக்கொண்ட வாசனை. அக்கா கொடுத்த கிரீம் டப்பாவின் வாசனை.

அந்த ஆய்வகத்துக்குள் வரும் பொருள்களுக்குப் பெயர் கிடையாது. வாசலில் உட்கார்ந்திருக்கும் பெண் பெயரைக் கிழித்து எண்ணை ஒட்டித்தான் உள்ளே விடுவாள். சோப்பில் போடுவதா, சாயத்தில் போடுவதா, எந்தக் கம்பெனி, எதுவும் உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் கை ஒரு பக்கம் சாயும். பதினோரு வருடமாக அவள் கை சாய்ந்ததில்லை. சாய்வதற்குச் சந்தர்ப்பம் வந்ததில்லை என்று சொல்வதுதான் நியாயம்.

புட்டியை மேடையிலேயே வைத்துவிட்டு, கையுறையை உரித்துப் போட்டுவிட்டு, அவள் மேலதிகாரியின் அறைக்குப் போனாள். அவருக்கு 'கமா' என்று பெயர். முப்பது பக்க அறிக்கையில் ஒரு கமா இடம் மாறியிருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார் என்பதால் வந்த பெயர். அது அவருக்கும் தெரியும். பெருமைதான்.

"சார், நாப்பத்தொண்ணு எனக்குத் தெரிஞ்ச புட்டி."

"எப்படிம்மா? ரெண்டு பேரும் ஒரே ஸ்கூலா?"

"வாசனை சார். எங்க அக்கா கிரீம் தயாரிக்கிறாங்க. ரெண்டு மாசம் முன்னாடி ஒரு டப்பா குடுத்தாங்க. அதே வாசனை."

கமா கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "உங்க மூக்கைச் சாட்சிக் கூண்டுல ஏத்த முடியாதே. தப்பாவும் இருக்கலாம்."

"இருக்கலாம். ஆனா இனிமே அதை என்னால தெரியாதவ மாதிரி பாக்க முடியாது."

"நீங்க வாயைத் திறக்காம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கவே இருக்காது."

"அதான் திறந்துட்டேன்."

அவர் சிரித்தார். பிறகு ஒரு தாளை எடுத்து நாளையும் நேரத்தையும் எழுதினார். "மேல்மாடி ஆளுங்ககிட்ட தள்ளிடறேன். இனிமே நீங்க அந்தப் புட்டி இருக்கிற அறைப் பக்கம் போக வேண்டாம். அந்தத் தட்டுக்குத் தீனிகூடப் போடாதீங்க, என்ன?"

தீனி போடுவது என்றால், தட்டில் வளரும் செல்களுக்கு இரண்டு நாளுக்கு ஒருமுறை இளஞ்சிவப்புச் சத்துநீரை மாற்றுவது. அங்கே பேச்சு இன்னும் அப்படித்தான். ஒரு காலத்தில் அந்தக் கட்டடம் முழுக்கக் கூண்டுகள் இருந்தன. கினிப் பன்றிகளும் எலிகளும் இருந்தன. நிஜமாகவே தீனி போட்டார்கள். கூண்டுகள் போய்விட்டன. சுவரில் அவை தொங்கிய கொக்கிகள் மட்டும் வரிசையாக இருக்கின்றன, யாரோ ஒருவர் அதில் குடை மாட்டுவார். தீனி என்ற சொல்லும் போகாமல் நின்றுவிட்டது.

அந்தக் காலத்தைப் பார்த்தவர்களில் கமாதான் மிச்சம். ஒரு முறை சொல்லியிருக்கிறார்: "முதுகுல ஒரு கட்டம் மட்டும் மழிச்சு, மருந்தைத் தடவி, மறுநாள் கண்ணால பாத்து மார்க் போடணும். சிவக்கலன்னா சுழியம். கொஞ்சம் சிவந்தா ஒண்ணு. நல்லா சிவந்தா ரெண்டு. திங்கட்கிழமை நான் ரெண்டு போட்டது வெள்ளிக்கிழமை எனக்கே ஒண்ணாத் தெரியும். பாவம் அது. நான் போடற மார்க் அதுக்குத் தெரியாது, அதுக்கு அரிக்கிறது எனக்குத் தெரியாது."

இப்போது மார்க் போடுவது இயந்திரம். ஒரு பொருளோடு தோல் பகை பிடிப்பது, அதாவது ஒவ்வாமை, படிப்படியாக நடப்பது. அந்தப் படிகளில் மூன்றைத் தனித்தனியாக எடுத்துக்கொண்டு மூன்று சோதனை. அந்தப் பொருள் தோலின் புரதத்தைக் கவ்விப் பிடிக்கிறதா என்று ஒரு குழாயில் பார்ப்பது முதலாவது. தோல் செல்கள் அதைக் கண்டு பதறுகின்றனவா என்பது இரண்டாவது. பதறினால் மினுங்கும்படி வளர்த்த செல்கள் அவை. உடம்பின் காவல் செல்கள் ஆபத்து என்று கொடி தூக்குகின்றனவா என்பது மூன்றாவது. மூன்றில் இரண்டு ஒரே பதிலைச் சொன்னால் அதுவே தீர்ப்பு. அவள் வேலை மூன்றாவது. காவல் செல்களைக் காப்பாற்றி வளர்த்து, அவற்றிடம் பொருளைக் காட்டி, கொடிகளை எண்ணுவது.

மூன்றாவதில் ஒரு விதி உண்டு. எண்ணெய்போல் தண்ணீரில் சேராத பொருள் என்றால், அது "ஆமாம்" என்று காட்டினால் நம்பலாம். "இல்லை" என்று காட்டினால் நம்பக் கூடாது. செல்கள் மிதப்பது தண்ணீரில். எண்ணெய் அவற்றின் பக்கத்தில் சரியாகப் போகாமலேயே இருந்திருக்கலாம். அப்படிப்பட்ட "இல்லை"யைக் கணக்கில் சேர்க்காமல் அப்படியே விட்டுவிடுவார்கள்.

கமாவின் அறையை விட்டு வெளியே வந்தபோது அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். இருந்தது என்றே வைத்துக்கொள்ளலாம். ஆனால் கையைக் கழுவும்போது தன்னையறியாமல் விரலை மூக்குக்குக் கொண்டுபோய் முகர்ந்து பார்த்தாள். கையுறை ரப்பரின் வாடைதான் வந்தது.

*

அவளுக்கு எட்டு வயதில் காது குத்தினார்கள். போட்டது மலிவுத் தோடு. நான்காம் வாரம் இரண்டு காது மடலும் தக்காளிப் பழம். தோட்டைக் கழற்றி மருந்து போட்ட டாக்டர், "இந்தப் பொண்ணோட தோல் ரொம்ப நாசூக்கு" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார். அவருக்கு அது ஆயிரம் வார்த்தையில் ஒன்று. வீட்டுக்கு அதுவே வேதவாக்கு ஆயிற்று.

அதன்பிறகு வீட்டுக்குள் எது புதிதாக வந்தாலும் முதலில் அவளிடம்தான் வரும். சோப்பு, பவுடர், கம்பளிச் சட்டை, தலைக்குத் தேய்க்கும் எண்ணெய். "பாப்பாகிட்ட குடு, அவளுக்கு ஒத்துக்கிட்டா ஊருக்கே ஒத்துக்கும்." அம்மா சொன்னதா, அக்கா சொன்னதா, யார் முதலில் ஆரம்பித்தது என்று இப்போது தெரியாது. அம்மாவுக்குத் துணிக்கடையில் மாறி மாறி வேலை. ஏழு வயது மூத்த அக்காதான் வீட்டை ஓட்டினாள். குளிக்கிற வெந்நீர் பதமா, பால் திரிந்துவிட்டதா, பக்கத்து வீட்டு நாய் கடிக்குமா, "பாப்பா, நீ போய்ப் பாரு." பாப்பா போய்ப் பார்ப்பாள். நாய் கடிக்கவில்லை. அக்காவைத்தான் பிறகு ஒருநாள் கடித்தது.

அதில் அவளுக்குப் பெருமை இல்லாமல் இல்லை. அதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அவள் ஒரு நாள் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தால் வீடே சுற்றி நின்று பார்க்கும். அந்த வீட்டில் வேறெதற்கும் அவளை யாரும் அப்படி உற்றுப் பார்த்ததில்லை.

பன்னிரண்டு வயதில் ஒரு முறை, பச்சை சோப்பு ஒன்று, கை அரித்தது. "அரிக்குதும்மா" என்றாள். அம்மா அதற்குள் தள்ளுபடியில் ஒரு டஜன் வாங்கிவிட்டிருந்தாள். "ஒரு நாள்தானே ஆச்சு, பழகிடும்." அக்கா முழங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சிவப்பே இல்லையே, சும்மா பாசாங்கு" என்றாள். பன்னிரண்டு சோப்பும் தீரும்வரை அவள் அதில்தான் குளித்தாள். ஒத்துக்கொண்டது என்று அவள் சொன்னால் உடனே ஏற்றுக்கொள்வார்கள். ஒத்துக்கொள்ளவில்லை என்றால், அதை யாரும் கேட்டதாகவே காட்டிக்கொள்ள மாட்டார்கள். இப்போது அவளுக்கு நாற்பத்து மூன்று. அக்காவுக்கு அவள் இன்னும் பாப்பா.

டப்பா வந்த அன்றைக்கு அவள் கணவர்தான் கதவைத் திறந்து வாங்கினார். மூடியின் மேல் அக்காவின் கையெழுத்து: முதல் டப்பா என் பாப்பாவுக்கு.

"உங்க அக்கா ஒரு குண்டூசியைக்கூடச் சும்மா குடுக்க மாட்டாங்களே," என்றார் அவர். "பின்னால பில்லு வருதான்னு பாரு."

"உங்களுக்கு எங்க வீட்டு ஆளுங்களைக் கண்டாலே ஆகாது," என்று சொல்லிவிட்டு அவள் டப்பாவைத் திறந்தாள். வாசனை நன்றாகத்தான் இருந்தது.

*

நாற்பத்தொன்று அவள் கையை விட்டுப் போய் ஐந்து வாரம் கழிந்து, ஒரு சனிக்கிழமை மத்தியானம் அக்கா போன் செய்தாள். "பட்டறைக்கு வா. சாப்பிட்டுட்டே வந்துடு, இங்க ஒண்ணும் கிடையாது."

அக்காவின் பட்டறை ஒரு நீளமான அறை. ஆளுயர எஃகு அண்டா இரண்டு, அவற்றின் மேல் கலக்கும் துடுப்புகள். மெழுகு உருக்கும் அடுப்பு. ட்யூபுகளுக்குள் கிரீமைத் திணித்து வாலை ஒட்டும் இயந்திரம். சனிக்கிழமை அரைநாள் என்பதால் வேலை செய்யும் ஆறு பெண்களும் போய்விட்டிருந்தார்கள். அவர்கள் தலையில் மாட்டும் வலைத் தொப்பிகள் ஆணியில் வரிசையாகத் தொங்கின. அக்கா மட்டும் தொப்பியோடு இருந்தாள். கழற்ற மறந்துவிட்டாள் போலும். அந்தத் தொப்பியில் அவள் கோபக்காரச் சமையல்காரிபோல் இருந்தாள்.

"உக்காரு. இதைப் படிச்சுத் தமிழ்ல சொல்லு."

அது தமிழில்தான் இருந்தது. நான்கு பக்க அறிக்கை. மேலே எண் நாற்பத்தொன்று. கீழே கமாவின் கையெழுத்து. கமாக்கள் எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன.

"உங்க இடத்துக்குத்தான் அனுப்பினேன். வாசனை எண்ணெய் விக்கிறவன் வழியா. உன்கிட்ட சொன்னா உனக்கு வேலையில சங்கடம் வரும்னு சொல்லல."

"தெரியும்க்கா. வாசனை தெரிஞ்சுது. நான் அதைத் தொடல."

"தொடலியா?" அக்காவின் முகம் விழுந்தது. "நீ பாத்ததுன்னு நெனச்சு தைரியமா இருந்தேனே."

அவள் அறிக்கையைப் படித்தாள். முதல் சோதனை: கவ்விப் பிடிக்கிறது, ஆமாம். இரண்டாவது: பதறவில்லை, இல்லை. மூன்றாவது: கொடி இல்லை. ஆனால் பொருள் எண்ணெய்த்தன்மை உள்ளது. ஆகவே இந்த "இல்லை" கணக்கில் சேராது. முடிவு: ஒவ்வாமை தரும் என்றோ தராது என்றோ சொல்ல இயலவில்லை.

"இயலவில்லையாம்," என்றாள் அக்கா. "இதைச் சொல்றதுக்கு அஞ்சு வாரம். நான் அஞ்சு நிமிஷத்துல சொல்லியிருப்பேன்."

"ஒண்ணு ஆமாங்குது, ஒண்ணு இல்லைங்குது. மூணாவது இல்லைன்னுதான் சொல்லுது, ஆனா அதை எடுத்துக்கக் கூடாது."

"ஏன் எடுத்துக்கக் கூடாது? அது என்ன பாவம் பண்ணுச்சு?"

"எண்ணெய் செல்கிட்டப் போய்ச் சேந்துதான்னே தெரியாது. கேள்வி காதுல விழாதவன் இல்லைன்னா, அது பதிலா?"

அக்கா சிரித்துவிட்டாள். தொப்பியைக் கழற்றி மேசைமேல் எறிந்தாள். "சரி, அடுத்தது என்ன?"

"வளத்த தோல்ல போட்டுப் பாக்கலாம். மனுஷத் தோல் செல்லை அடுக்கடுக்கா வளத்து, நிஜத் தோல் மாதிரியே பண்ணி வெச்சிருப்பாங்க. அதும்மேல எண்ணெயை அப்படியே தடவலாம். ஆர்டர் போட்டு, வந்து, பண்ணி முடிக்க ஆறு வாரம்."

"எனக்கு இருக்கிறது ஒன்பது நாள்."

அக்கா விஷயத்தைச் சொன்னாள். ஒரு பெரிய ஆஸ்பத்திரிக் குழுமம். இருபது ஆஸ்பத்திரி. நாலாயிரம் நர்ஸுகள் ஒரு நாளைக்கு நாற்பது தடவை கை கழுவுகிறார்கள், கை வெடித்துப்போகிறது. கிரீம் வேண்டும். இந்தக் கிரீமைத்தான் அவர்கள் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். ஒரே ஒரு கையெழுத்து பாக்கி: தெரிந்தவரை இதில் ஒவ்வாமை தரும் பொருள் எதுவும் இல்லை என்று தயாரிப்பாளர் எழுதித் தர வேண்டும். சோதனை அறிக்கை கட்டாயம் இல்லை. ஆனால் பொய் என்று தெரிந்தால் பட்டறையைப் பூட்ட வேண்டியதுதான்.

"வாசனையை எடுத்துடு. வெறும் கிரீமாக் குடு."

"வாசனை இல்லாம பத்துப் பேர் செய்றான். அவங்க என்கிட்ட வந்ததே இந்த வாசனைக்குத்தான். ஆஸ்பத்திரி நாத்தத்துக்கு நடுவுல இதை முகந்தா நல்லா இருக்குன்னு அந்தத் தலைமை நர்ஸ் என் கையைப் பிடிச்சுட்டுச் சொன்னா."

"ஆறு வாரம் டைம் கேளு."

"கேக்காம இருப்பேனா? அடுத்த ஆள் ரெடியா நிக்கிறான்னு சொல்லிட்டாங்க." அக்கா எழுந்து அலமாரியைத் திறந்தாள். "பாரு பாப்பா, நான் கண்ணை மூடிட்டுக் கையெழுத்துப் போடலாம். யாரும் கேக்கப் போறதில்ல. ஆனா ஒரு நர்ஸுக்குக் கை வெந்துபோச்சுன்னா எனக்குச் சோறு இறங்காது. என் மனசுக்குத் தெரிஞ்சாப் போதும். அதுக்குத்தான் உன்னைக் கூப்பிட்டேன்."

திரும்பி வந்தபோது அக்காவின் கையில் ஒரு சின்னக் கண்ணாடிப் புட்டியும் பஞ்சும் ஒட்டுத் துணியும் இருந்தன. எல்லாவற்றையும் எஃகு மேசைமேல் வரிசையாக வைத்தாள். மூடியிருக்கும்போதே வாசனை வந்தது.

"முழங்கைக்கு உள்பக்கம் ஒரு துளி. ரெண்டு நாள் ஒட்டி வெச்சுக்க. திங்கட்கிழமை பாப்போம். உனக்கு ஒத்துக்கிட்டா நான் நிம்மதியாக் கையெழுத்துப் போடுவேன்."

அவளுக்கு மறுக்க வேண்டும் என்று அப்போது தோன்றவில்லை. அக்கா கேட்ட விதம் அவ்வளவு பழக்கமாக இருந்தது. அவளுடைய வலது கை, யாரையும் கேட்காமல், இடது சட்டைக் கையின் பொத்தானில் போய் நின்றது. வாய்தான் தொழில் பேசிற்று.

"ரெண்டு நாள்ல ஒண்ணும் தெரியாதுக்கா. தோலுக்கு முதல் தடவை எதுவும் தெரியாது. முதல்ல அது கத்துக்கணும். நாம ஒண்ணை முதல்ல தொடும்போது அது சும்மா இருக்கும், ஆனா உள்ள மனப்பாடம் பண்ணிக்கும். அதுக்கு ரெண்டு மூணு வாரம். அடுத்த தடவை தொடும்போதுதான் கத்தும். முதல் தடவை சிவக்கலங்கிறதுக்கு அர்த்தமே கிடையாது."

"அதான் முதல் தடவை இல்லையே," என்றாள் அக்கா. "நீ ஒரு டப்பா முழுக்கத் தடவியிருக்கியே."

"அது நீ சும்மா குடுத்த டப்பா."

"சும்மாவா? முதல் டப்பாவை எப்பவும் உனக்கு எதுக்குக் குடுக்கிறேன்? உனக்கு ஒத்துக்குதான்னு பாக்கத்தானே?" அக்கா இதைச் சொன்னபோது அவள் குரலில் ஒளிவு மறைவு ஏதும் இல்லை. ஊரறிந்த விஷயத்தைச் சொல்வதுபோல் சொன்னாள். "நீ ஒண்ணும் சொல்லல, சரின்னு ஆஸ்பத்திரிக்காரங்ககிட்டப் பேசி முடிச்சேன். அப்ப நீ சொல்றபடி பாத்தா பாதி வேலை முடிஞ்சாச்சு, இல்ல?"

முடிந்துவிட்டது. அவள் மனதுக்குள் கணக்கு தானாக ஓடியது. பழைய கூண்டு அறையைக் காலி செய்தபோது கிடைத்த பதிவேட்டில் அவள் படித்த வரிகள்: விலங்கு எண் பதினேழு, ஆண், எடை இவ்வளவு. முதல் நாளிலிருந்து தடவல், மாற்றம் இல்லை. பிறகு ஓய்வு. பிறகு, முன்பு தொடாத வேறோர் இடத்தில் ஒரு துளி. மூன்று வாரம் அவள் கையில் தேய்த்தாள். மாற்றம் இல்லை. டப்பா தீர்ந்து இரண்டு மாதத்துக்கு மேல் ஓய்வு. இப்போது முழங்கையின் உள்பக்கம், வேறோர் இடம். அக்கா அந்தப் பதிவேட்டைக் கண்ணால் பார்த்ததில்லை. பார்க்காமலேயே ஒரு நாள் பிசகாமல் செய்து வைத்திருக்கிறாள்.

கோபம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. அதற்குப் பதிலாக வந்தது வேறொன்று, அதை நினைத்து அவளே கொஞ்சம் பயந்தாள்: தெரிந்துகொள்ளும் ஆசை. மூன்று சோதனை செய்தும் கிடைக்காத பதில் அவளுடைய தோலுக்குள் உட்கார்ந்திருக்கிறது. மேல்மாடியில் உள்ளவர்களுக்கு இல்லை, கமாவுக்கு இல்லை, அவளிடம் மட்டும். ஒரு துளி போதும், திங்கட்கிழமைக்குள் தெரிந்துவிடும். பதினோரு வருடமாகத் தட்டுக்கு வெளியே நின்று கொடி எண்ணுகிறவளுக்கு, உள்ளேயிருந்தே பதிலைப் பார்க்கும் வாய்ப்பு. வீடே சுற்றி நின்று பார்க்கும். அக்கா அவள் கையை மடியில் வைத்துக்கொண்டு உற்றுப் பார்ப்பாள்.

"சிவந்துதுன்னா?" என்றாள்.

"சிவந்தா நான் கையெழுத்துப் போட மாட்டேன். சத்தியமா. ஆர்டர் போனாப் போகுது."

"அதைக் கேக்கல. எனக்கு என்ன ஆகும்?"

"உனக்கு என்ன ஆகும்? ரெண்டு நாள் அரிக்கும். மருந்து போட்டா ஆறிடும்."

"சிவப்பு ஆறிடும்க்கா. கத்துக்கிட்டது போகாது. எட்டு வயசுல போட்ட தோடு, இன்னிக்கும் நான் உலோகப் பட்டை போட்ட வாட்ச் கட்ட முடியாது. ஜீன்ஸ் பொத்தான் வயித்துல பட்டா தடிச்சுடும். இந்த வாசனை எத்தனை சோப்புல, எத்தனை ஷாம்பூல இருக்குதோ? சாகிற வரைக்கும் ஒவ்வொரு டப்பாவையும் திருப்பித் திருப்பிப் படிச்சுட்டு நிக்கணும்."

"ஏற்கெனவே கத்துக்கிட்டிருந்தா கத்துக்கிட்டதுதானே? இந்த ஒரு துளியால புதுசா என்ன?"

அக்கா முட்டாள் அல்ல. எப்போதுமே அல்ல.

"அரைகுறையாக் கத்துக்கிட்டதை இது முழுசாக்கிடும்."

"ஒருவேளை கத்துக்காமலே இருந்தா? ஒத்துக்கிட்டிருந்தா?"

"அப்பவும் அது என் ஒருத்தியோட தோல். நாலாயிரம் நர்ஸோட தோல் இல்ல."

"நம்ம வீட்டுல உன் தோலைவிடப் பெரிய சாட்சி எது?" அக்கா புன்னகைத்தாள். நிஜமான வாஞ்சை அது. எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். அக்காவின் உள்ளங்கை மெழுகு உருக்கி உருக்கிக் காய்த்துப்போயிருந்தது. "என் தோல் எருமைத் தோல். என் மேல திராவகத்தை ஊத்தினாலும் வேர்த்துப்போச்சுன்னு துடைச்சுப்பேன். எனக்குத் தெரியாததெல்லாம் உனக்குத்தான்டி தெரியும். சின்ன வயசுல இருந்து. நீ சரின்னா நான் எதையும் நம்பிடுவேன்."

அதுதான் உண்மை என்று அவள் நினைத்தாள். நான் சரி என்றால் நம்புவாள். எண்ணெயைப் போலத்தான் நானும் அந்த வீட்டில். என் ஆமாம் மட்டும் ஏட்டில் ஏறும். பச்சை சோப்பு அரிக்கிறது என்றபோது அக்கா இதே மணிக்கட்டைப் பிடித்துத்தான் சிவப்பு இல்லையே என்றாள். அவள் அன்றைக்குப் பொய் சொல்லவில்லை. சிவப்பு இல்லைதான். சிவக்காமலே அரித்தது.

அக்கா புட்டியின் மூடியைத் திருகினாள். நனைந்த மரம், இனிப்பு, மிளகு. பஞ்சைக் கிள்ளி ஒரு துளி விட்டாள். எண்ணெய் பஞ்சில் இறங்காமல் ஒரு கணம் உருண்டு நின்று, பிறகு இறங்கியது. பஞ்சை ஒரு கையில் ஏந்தி, மறு கையால் தங்கையின் மணிக்கட்டை மறுபடி பிடித்தாள்.

"பொத்தானைக் கழட்டு."

அவள் தன் வலது கை எங்கே இருக்கிறது என்று பார்த்தாள். அது இன்னும் பொத்தானின் மேல்தான் இருந்தது. விரல்களை ஒவ்வொன்றாக எடுத்து மேசைமேல் வைத்தாள். அக்கா பிடித்திருந்த மணிக்கட்டையும் மெதுவாக உருவிக்கொண்டாள். வெடுக்கென்று இழுக்கவில்லை.

"திங்கட்கிழமை கமா சார்கிட்ட சொல்லி வளத்த தோலுக்கு ஆர்டர் போடச் சொல்றேன். நான் சொல்றதால சீக்கிரம் நடக்காது. ஆனா நடக்கும். ஆஸ்பத்திரிக்காரங்ககிட்ட நானும் உன்கூட வரேன், இந்த அறிக்கையை வெச்சுக்கிட்டு ஏன் ஆறு வாரம் வேணும்னு சொல்றேன். கேட்டாக் கேக்கட்டும்."

"கேக்கலன்னா?"

"கேக்கலன்னா ஆர்டர் போயிடும்க்கா."

அக்கா பஞ்சைப் பிடித்தபடியே இருந்தாள். அவளுக்குப் புரியவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. கோபம்கூட இன்னும் வரவில்லை. தங்கை ஏதோ நிபந்தனை போடுகிறாள், அது முடிந்ததும் கையை நீட்டுவாள் என்று காத்திருப்பவளின் முகம். தெருவில் யாரோ ஒரு வண்டியைக் கிளப்ப முயன்று, முயன்று, விட்டார்கள்.

"உனக்குப் பயமா?"

"கொஞ்சம் பயம்தான்."

"என்மேல கோபமா?"

அவள் யோசித்தாள். "இல்லன்னு நெனைக்கிறேன். இனிமே வந்தாலும் வரும்."

"அப்புறம் என்னடி? ஒரு துளிதானே பாப்பா."

"ஆமாக்கா, ஒரு துளிதான்," என்றாள் அவள். "வேண்டாம்."